மனிதன் எப்படிப்பட்டவன்: சமயம் கேட்கும் விதமும் விஞ்ஞானம் கேட்கும் விதமும்

இலங்கையில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குச் சமயமும் கட்டாயப் பாடம், விஞ்ஞானமும் கட்டாயப் பாடம். திருகோணமலையில் எல்லாச் சமயப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சமயப் பாடவேளைக்கு மணி அடித்ததும் வகுப்பு பிரியும். சைவப் பிள்ளைகள் ஓர் அறைக்கு, கத்தோலிக்கப் பிள்ளைகள் இன்னோர் அறைக்கு, முஸ்லிம் பிள்ளைகள் வேறோர் அறைக்கு. அது முடிந்ததும் எல்லோரும் திரும்பி வந்து ஒரே வாங்கில் இருந்து விஞ்ஞானம் படிப்பார்கள். முதல் பாடவேளையில் மனிதன் மலங்கள் என்னும் அழுக்குகளால் கட்டுண்ட உயிர், அல்லது கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன், அல்லது அல்லாஹ்வின் அடியான். அடுத்த பாடவேளையில் அவன் ஹோமோ சேப்பியன்ஸ், ஒரு முலையூட்டி, கலத்துக்கு 46 நிறமூர்த்தங்கள். இரண்டும் ஒரே ஆளைப் பற்றித்தானா என்று யாரும் கேட்பதில்லை. பரீட்சையில் அப்படி ஒரு கேள்வி வராது.

அந்த வகுப்பு பிரிவதிலும் சேர்வதிலும் விஷயம் பாதி இருக்கிறது. பிள்ளை எந்த வீட்டிலிருந்து வந்தாலும் இதயத்துக்கு நான்கு அறைதான். சந்தேகம் இருந்தால் வெட்டிப் பார்க்கலாம். சமயத்தில் விடை ஒரு மரபு வழியாக வருகிறது. யார் சொன்னார், யார் அதை வாழ்ந்து காட்டினார் என்பதும் விடையோடு சேர்ந்தே வருகிறது. இதைக் கவனிக்காமல்தான் நாம் "சமயமா, விஞ்ஞானமா" என்று பட்டிமன்றம் வைத்துவிடுகிறோம்.

மனித இயல்பு என்பது பெரிய தத்துவச் சொல்போலத் தோன்றும். ஆனால் நாம் தினமும் பேசுவதுதான் அது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் யாரோ மறந்துவிட்டுப் போன பேர்ஸை ஒருவர் எடுத்து முதலாளியிடம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? "நல்ல வளர்ப்பு" என்பார் ஒருவர். "கடவுளுக்குப் பயந்த ஆள்" என்பார் இன்னொருவர். "ஆக்கள் பார்த்துக்கொண்டிருந்தாங்க, அதான்" என்று ஒரு குரல். "உள்ளுக்குக் காசு இருந்திருக்காது" என்று மூலையிலிருந்து ஒரு குரல். இந்த நாலு பேச்சுக்குள்ளும் நாலு கொள்கை இருக்கிறது. மனிதன் பழக்கத்தால் ஆனவனா, நம்பிக்கையால் ஆனவனா, ஊர்க் கண்ணுக்குப் பயந்தவனா, அடியில் சுயநலம்தானா? பிறக்கும்போதே நல்லவனா, கெட்டவனா? மாற முடியுமா? இந்தக் கேள்விகளுக்குச் சமயமும் விஞ்ஞானமும் எப்படி விடை தேடுகின்றன என்பதுதான் இனிப் பார்க்கப் போவது.

சமயத்தில் தொடங்குவோம். கோணேசர் கோயில் வழி வந்தவர்களுக்குப் பழகிய சைவ சித்தாந்தத்தையே எடுப்போம். அது மூன்று பொருள்களைச் சொல்கிறது: பதி, பசு, பாசம். பதி இறைவன், பசு உயிர், பாசம் உயிரைக் கட்டியிருக்கும் கட்டு. அந்தக் கட்டு மூன்று: ஆணவம், கன்மம், மாயை. இதில் ஆணவம் என்றதும் நமக்குத் திமிர் பிடித்த ஆள்தான் நினைவுக்கு வருவார். சித்தாந்தம் சொல்வது அதைவிட ஆழமானது. உயிரின் அறிவை மறைத்து, தன்னைத் தாண்டி எதையும் பார்க்கவிடாமல் வைத்திருக்கும் இருள் அது. செம்பில் களிம்பு எப்போது வந்தது என்று சொல்ல முடியாததுபோல, உயிரோடு தொடக்கமே இல்லாமல் இருக்கிறது என்பார்கள். திமிரே இல்லாத, வாயே திறக்காத பணிவான மனிதரிடமும் அது இருக்கும். "நான் எவ்வளவு பணிவானவன்" என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லுமே, அதுவும் ஆணவம்தான்.

இன்னொன்றையும் சித்தாந்தம் சொல்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: உயிர் சார்ந்ததன் வண்ணமாகும். எதைச் சேர்கிறதோ அதன் நிறத்தை எடுத்துக்கொள்ளும். பாசத்தைச் சேர்ந்தால் பாசமாகவே கிடக்கும், பதியைச் சேர்ந்தால் தெளியும். மனிதன் நல்லவனா கெட்டவனா என்ற கேள்வியையே இது வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. யாரோடு, எதோடு சேர்ந்திருக்கிறாய் என்று கேட்கிறது.

மற்றச் சமயங்களும் இதே கேள்விக்கு வேறு வேறு விடை வைத்திருக்கின்றன. 354 முதல் 430 வரை வாழ்ந்த புனித அகுஸ்தீனாரின் சிந்தனை வழியாக மேற்கத்திய கிறிஸ்தவத்தில் வேரூன்றிய சென்மப் பாவக் கொள்கை, மனித சித்தமே சாய்ந்து பிறக்கிறது என்கிறது. நன்மை எது என்று தெரிந்தும் செய்ய முடியாத சாய்வு. இஸ்லாம் ஏறத்தாழ எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது: ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ரா என்ற தூய இயல்பில் பிறக்கிறது, பிறகு நஃப்ஸ் என்ற ஆசை மனம் அதைத் தீமைக்கு இழுக்கிறது, மனிதன் அதோடு போராட வேண்டும். பௌத்தம் நிலையான "நான்" என்று ஒன்றே இல்லை என்று சொல்லி, பேராசை, வெறுப்பு, அறியாமை ஆகிய மூன்று வேர்களைக் காட்டுகிறது. நாலும் ஒன்றையே சொல்கின்றன என்று மேடையில் பேசுபவர்கள் உண்டு. அது மரியாதைக்குச் சொல்லும் பேச்சு. உயிர் படைக்கப்பட்டதா, என்றும் உள்ளதா, இல்லவே இல்லையா என்பதில் இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவே மாட்டா.

ஒத்துப்போகும் இடம் வேறு. நாலிலுமே மனிதனைப் பற்றிய விளக்கம் ஒரு வேலைக்காகச் சொல்லப்படுகிறது. விரதம், பாவசங்கீர்த்தனம், ரமழான் நோன்பு, தியானம் என்று ஏதாவது ஒன்றைச் செய்யச் சொல்லி முடிகிறது. ஆணவத்தைப் பற்றிப் படிப்பது போதாது, குறைத்துப் பார்க்க வேண்டும். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருப்பவர்களைக் கேளுங்கள்: மூன்றாம் நாள் பசி அடங்கிவிடும், கோபம் அடங்காது. அது அவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே கண்டுபிடித்த ஒன்று. சமயம் எப்போதும் "நீ" என்றுதான் பேசும்.

விஞ்ஞானம் "நீ" என்று பேசாது. "பேர் எத்தனை?" என்று கேட்கும்.

தேத்தண்ணிக் கடை மூலையில் இருந்தவர் "காசு இருந்திருக்காது" என்றார் அல்லவா? பணம் என்றால் பிணமும் வாய் திறக்கும் என்ற நம்பிக்கை அது. அதைச் சோதிக்க முடியும், சோதித்தும் இருக்கிறார்கள். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 40 நாடுகளில் 355 நகரங்களில் 17,303 பேர்ஸ்களை "தொலைத்தார்கள்". வங்கி, ஹோட்டல், தபாலகம், பொலிஸ் நிலையம் போன்ற இடங்களில் முன்மேசையில் இருப்பவரிடம் ஒருவர் போய், "இதை வீதியில் கண்டெடுத்தேன், எனக்கு அவசரம், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்துவிட்டு நழுவிவிடுவார். பேர்ஸ் என்றாலும் உள்ளிருப்பது தெரியும் கண்ணாடிபோன்ற உறை அது. உள்ளே உரிமையாளரின் மின்னஞ்சல் முகவரியோடு அட்டைகள், ஒரு திறப்பு, கடைச் சாமான் பட்டியல். சிலவற்றில் காசு இல்லை, சிலவற்றில் இருந்தது. மற்றதெல்லாம் ஒன்றே. அப்புறம் எத்தனை பேர் உரிமையாளருக்கு எழுதினார்கள் என்று எண்ணினார்கள்.

காசு இல்லாத பேர்ஸ்களில் 40 வீதத்துக்குத் தகவல் வந்தது. காசு இருந்தவற்றில் 51 வீதத்துக்கு. காசு இருந்தால் கூடுதலாகத் திருப்பிக் கொடுத்தார்கள்! 40 நாடுகளில் 38இல் இதே போக்கு. மூன்று நாடுகளில் காசை இன்னும் பெருக்கிப் பார்த்தபோது 72 வீதமாக ஏறியது. பொருளியல் நிபுணர்களையும் ஊகிக்கச் சொல்லிக் கேட்டார்கள், அவர்களும் இப்படி வரும் என்று சரியாகச் சொல்லவில்லை. பிறருக்கு இழப்பு வரக் கூடாது என்ற அக்கறையோடு, தன்னைத் தானே திருடனாகப் பார்க்க மனம் வராததும் காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். காசு கூடக் கூட அந்தப் பெயர் மனதில் கூடுதலாகச் சுடுகிறது.

விஞ்ஞானத்தின் வேலைமுறை முழுவதும் இந்த ஒரு ஆய்வில் தெரிகிறது. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை, எண்ணு, நீ நினைத்ததற்கு எதிராக வந்தாலும் எழுது. கதை அங்கேயும் முடியவில்லை. அந்த ஆய்வில் சீனாவின் எண் மிகக் குறைவாக இருந்தது. பிறகு சீனாவிலேயே வேறு ஆய்வாளர்கள் செய்து பார்த்தார்கள். மின்னஞ்சல் அனுப்பாதவர்களில் பலர் பேர்ஸைத் தொடாமல், ஆள் தேடி வரட்டும் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள். ஆக, முதல் ஆய்வு நேர்மையை மட்டும் அளக்கவில்லை. மின்னஞ்சல் எழுதும் பழக்கத்தையும் சேர்த்து அளந்திருக்கிறது. நம் கடை முதலாளியும் அப்படித்தான் செய்வார்: லாச்சிக்குள் போட்டு வைப்பார், "ஆள் வரும்" என்பார். அளவுகோலுக்குள் அளப்பவரின் ஊர்ப் பழக்கம் ஒளிந்திருக்கும். இலங்கை அந்த 40 நாடுகளில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த எண்ணும் பழக்கம் நேற்று வந்ததல்ல. 1867இல் சார்ல்ஸ் டார்வின் ஒரு கேள்விக்கொத்தை அச்சிட்டு உலகமெங்கும் அனுப்பினார். வியப்பில் கண்ணும் வாயும் அகல விரிகின்றனவா? வெட்கத்தில் முகம் சிவக்கிறதா? ஆம் என்பதற்குத் தலையை மேலும் கீழும் ஆட்டுகிறார்களா, இல்லை என்பதற்குப் பக்கவாட்டிலா? இந்தக் கடைசிக் கேள்விக்கு நம் ஊரில் பதில் எழுத வந்தவர் திண்டாடியிருப்பார். ஓம் என்பதற்கு நாம் தலையைச் சாய்த்து ஆட்டும் ஆட்டத்தை எந்தக் கட்டத்துக்குள் போடுவது? இலங்கையிலிருந்து அவருக்குத் தகவல் அனுப்பியவர் க்ளெனி என்ற ஆங்கிலிக்கத் திருச்சபைப் பாதிரியார். 1872இல் டார்வின் அதையெல்லாம் நூலாக்கி, இனம் எதுவானாலும் முக பாவங்களில் பெரும்பகுதி ஒன்றே, அது கூர்ப்பு வழியாக, அதாவது பரிணாம வழியாக வந்த பொதுச் சொத்து என்று வாதிட்டார். கூர்ப்புக் கொள்கைக்குப் பாதிரிமார் எல்லோரும் எதிரிகள் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

சமயமும் விஞ்ஞானமும் நேருக்கு நேர் சந்தித்த ஓர் ஆய்வு இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் ஜோன் டார்லி, டானியல் பட்சன் என்ற இரு உளவியலாளர்கள் செய்தது, வெளிவந்தது 1973இல். நல்ல சமாரியன் உவமை தெரியும்தானே? அடிபட்டு வழியில் கிடந்தவனைக் குருவும் லேவியனும் கண்டும் விலகிப் போக, யூதர்கள் இழிவாக நினைத்த சமாரியன் நின்று காப்பாற்றுகிறான். அதே காட்சியை இவர்கள் அமைத்தார்கள். குருத்துவம் படிக்கும் மாணவர்கள் 40 பேர். ஒவ்வொருவரையும் தனித்தனியாக, பக்கத்துக் கட்டடத்தில் போய் ஒரு சிறு பேச்சுப் பேசச் சொன்னார்கள். பாதிப் பேருக்குத் தலைப்பு அந்த உவமையேதான். மற்றவர்களுக்கு, படிப்பு முடித்தபின் என்ன வேலைக்குப் போகலாம் என்பது. அதோடு, சிலரிடம் "நேரம் இருக்கிறது" என்றார்கள், சிலரிடம் "இப்போதே கிளம்பினால் சரி" என்றார்கள், சிலரிடம் "ஏற்கனவே பிந்திவிட்டது, ஓடுங்கள்" என்றார்கள்.

போகிற வழியில் ஒரு வாசலில் ஒருவர் தலை குனிந்து, கண் மூடிச் சரிந்து கிடந்தார். மாணவர் கடக்கும்போது இருமி முனகினார். அவர் ஆய்வாளர்களின் ஆள் என்று மாணவருக்குத் தெரியாது.

அவசரம் இல்லாதவர்களில் 63 வீதம் ஏதோ ஒரு விதத்தில் உதவினார்கள். நடுத்தர அவசரத்தில் 45 வீதம். பிந்திவிட்டது என்று ஓடியவர்களில் 10 வீதம். உவமையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்பது குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. நல்ல சமாரியனைப் பற்றிப் பேச ஓடிக்கொண்டிருந்தவர்களில் சிலர் கிடந்தவரைத் தாண்டியே போனார்கள்.

இதைக் கேட்டதும் சமய எதிர்ப்பாளர் ஒருவர் கைதட்டுவார்: "பார், வேதம் படித்தும் பயனில்லை." சைவர் ஒருவரும் கைதட்டுவார்: "உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்று சித்தாந்தம் அன்றே சொல்லிவிட்டது." இரண்டு பேருக்கும் அவசரம். முதலாமவருக்கு: ஆட்கள் 40 பேர்தான், அதிலிருந்து சமயம் முழுவதற்கும் தீர்ப்பு எழுத முடியாது. தவிர, அந்த உவமையிலேயே விலகிப் போகிறவர்கள் சமயப் பணியாளர்கள்தானே. இரண்டாமவருக்கு ஒரு கேள்வி: முடிவு நேர்மாறாக வந்து, ஓடியவர்கள் எல்லோரும் நின்று உதவியிருந்தால் சித்தாந்தம் பொய் என்று ஒப்புக்கொண்டிருப்பீர்களா? மாட்டீர்கள். "அவர்கள் பக்குவப்பட்ட உயிர்கள்" என்றிருப்பீர்கள். எந்த முடிவு வந்தாலும் பொருந்தக்கூடிய கூற்று முன்கூட்டியே எதையும் சொன்னதாக ஆகாது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். விஞ்ஞானக் கூற்று தோற்கத் தயாராக வெளியே வருகிறது. "இப்படி வந்தால் நான் தவறு" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தத்துவஞானி கார்ல் பொப்பர் 1934இல் இதையே விஞ்ஞானத்துக்கு அடையாளமாக வைத்தார். சார்ந்ததன் வண்ணமாதல் என்பது அப்படி எதிர்வுகூறலாகச் சொல்லப்பட்டதல்ல. நீ எதைச் சார்ந்திருக்கிறாய் என்று ஒருவரைத் தன் பக்கம் திரும்ப வைப்பதற்காகச் சொல்லப்பட்டது. அந்த வேலையை அது செய்கிறதா என்பதைக் கொண்டு அதை எடைபோட வேண்டும்.

தோற்கத் தயார் என்றால் உண்மையிலேயே தோற்கும். 2015இல் உளவியலாளர்கள் பெரும் குழுவாகச் சேர்ந்து, பெயர் பெற்ற ஆய்விதழ்களில் வந்த 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். 36 வீதம்தான் முன்போல் தெளிவான முடிவைத் தந்தன. இதை எடுத்துக்காட்டி "விஞ்ஞானமும் நம்பிக்கைதான்" என்று கோயில் மண்டபத்தில் பேசுபவர்கள், அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொன்னவர்களும் விஞ்ஞானிகளே என்பதை விட்டுவிடுவார்கள்.

மறுபக்கமும் அத்துமீறல் உண்டு. "காதல் வெறும் டோபமின்", "பக்தி வெறும் மூளை மின்சாரம்" என்று சில காணொளிகள் சொல்கின்றன. மூளையில் டோபமின் சுரப்பதை அளக்கலாம். அந்த "வெறும்" எந்த ஆய்வுகூடத்திலும் அளக்கப்பட்டதில்லை. இரட்டைப் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பரம்பரையின் பங்கை அளக்கும் இரட்டையர் ஆய்வுகளும் இப்படியே திரிக்கப்படுகின்றன. பல்லாயிரம் பண்புகள் பற்றிய இரட்டையர் ஆய்வுகளைத் திரட்டி 2015இல் வந்த கணக்கில், மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் சராசரியாக 49 வீதம் பரம்பரையால் விளக்கப்படுகிறது. "உன் குணத்தில் பாதி அப்பா அம்மா, பாதி நீ" என்று இதற்குப் பொருளில்லை. அது கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு. உங்கள் ஒருவரைப் பிரித்துக் காட்டாது. "இரத்தத்திலேயே இருக்கு" என்று ஒரு பிள்ளையை ஒதுக்குவதற்கு அது சான்று ஆகாது.

இதைவிட அடிப்படையான ஓர் எல்லையை ஸ்கொட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் 1740இலேயே சுட்டிக்காட்டிவிட்டார். எப்படி இருக்கிறது என்பதிலிருந்து எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நேர்வழி இல்லை. அவசரத்தில் 10 வீதம்தான் உதவுவார்கள் என்று ஆய்வு சொல்லும். அந்தப் பத்துக்குள் நீ இருக்க வேண்டும் என்று ஆய்வு சொல்லாது.

திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கன்னியாவுக்குப் போனவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறு. தண்ணீர் ஏன் சுடுகிறது? எரிமலை ஏதும் இல்லை; பாறைப் பிளவுகள் வழியாக ஆழத்துக்கு இறங்கிய நீர் பூமியின் உள்வெப்பத்தில் சூடாகி மேலே வருகிறது. இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்ய நிலத்தில் குத்தியதால் ஊறியது என்பது ஐதீகம். நீரின் சூட்டுக்குக் காரணமாக அதைச் சொன்னால் விஞ்ஞான ஆசிரியர் பூச்சியம் போடுவார், போடவும் வேண்டும். ஆனால் தாயின் அந்தியேட்டிக்காக அங்கே வந்து தலையில் நீர் ஊற்றிக்கொள்ளும் மகன் புவியியல் கேட்டு வரவில்லை. கயிலையைத் தூக்கப் பார்த்தவனும் தாய் செத்தால் நீரள்ளி இறைக்கும் ஒரு பிள்ளைதான் என்று அந்தக் கதை சொல்கிறது. மனித இயல்பைப் பற்றிய அந்தப் பேச்சில் எனக்குத் தவறு எதுவும் தெரியவில்லை.

இரண்டையும் அருகருகே வைத்து வேலை செய்தவர்களும் நம்மிடையே உண்டு. யாழ்ப்பாணத்தில் பல காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரில் மனம் நொந்து வந்தவர்களுக்கு அவரவர் சமயத்துக்கு ஏற்ற தளர்வுப் பயிற்சிகளைப் பயன்படுத்தினார். சைவருக்கு மந்திர ஜெபம், முஸ்லிம்களுக்கு திக்ர் என்ற இறைநினைவு ஓதல், கத்தோலிக்கருக்குச் செபமாலை, பௌத்தருக்குச் சரணம். மருத்துவர் கவனிப்பது நித்திரை வருகிறதா, படபடப்புக் குறைகிறதா என்பதை. சொல்பவர் கவனிப்பது தான் யாரைக் கூப்பிடுகிறார் என்பதை. ஒருவர் மற்றவரின் கணக்கை ஒப்புக்கொள்ளத் தேவையே இருக்கவில்லை.

சரி, எதை எப்போது கேட்பது? சில இடங்களில் தயங்கவே தேவையில்லை. பிள்ளைக்கு வலிப்பு வந்தால், காதில் குரல் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால், முதலில் வைத்தியசாலை. நூல் கட்டுவதும் நேர்த்தி வைப்பதும் அப்புறம் ஆகட்டும். அது மூளையின் விஷயம், அங்கே எண்ணிப் பார்த்தவர்களிடம் மருந்து இருக்கிறது.

சில இடங்கள் அவ்வளவு சுலபமில்லை. நிலாவெளிப் பக்கம் இருபது பேர்ச் காணியை அண்ணன் தன் பெயருக்கு எழுதி எடுத்துவிட்டார், வழக்குப் போடுவதா விட்டுவிடுவதா என்று தம்பி யோசிக்கிறார். உடன்பிறந்தவருக்காக இழக்கும் போக்கு கூர்ப்பில் எப்படி நிலைத்திருக்க முடியும் என்று 1964இல் உயிரியலாளர் வில்லியம் ஹமில்டன் கணக்குப் போட்டுக் காட்டினார். இத்தனைக்குப் பிறகும் அண்ணன்மேல் பாசம் ஏன் போகவில்லை என்பதைத் தம்பிக்கு அது ஓரளவு விளக்கலாம். மன்னிக்கலாமா, மன்னித்தால் அது பெருந்தன்மையா ஏமாளித்தனமா என்பதை அது சொல்லாது. அதற்கு அவர் ஐயரிடம் போகலாம், பாதரிடம் போகலாம், மௌலவியிடம் போகலாம். பெரும்பாலும் நம் ஆட்கள் முதலில் போவது சட்டத்தரணியிடம்தான்.